அனெஸ்திஸுக்குப் போட்ட விலை

கபானி சந்தையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோதே பரஸ்கெவாஸ் குனிந்து உள்ளே வந்துவிட்டான். கோடையின் நடுவில் ஒரு திங்கட்கிழமை. கூடைப்பந்து ஆட்டக்காரர்களோடு புது ஒப்பந்தம் போட அன்றைக்குத்தான் கதவு திறக்கிறது. ஸ்தெர்யோஸ் ஆலிவ் பீப்பாய்களின் மூடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். வந்தவனைப் பார்த்ததும் அவருக்கு இரண்டு விஷயம் புரிந்தது. இவன் ஆலிவ் வாங்க வரவில்லை. இவ்வளவு சீக்கிரம் வந்ததில் ஏதோ சூது இருக்கிறது.

ஸ்தெர்யோஸ் பகலில் ஆலிவும் ஃபெட்டா சீஸும் விற்கிற மொத்த வியாபாரி. மாலையில் தெசலோனிக்கியின் கிழக்குப் பேட்டையில் இருக்கும் விக்லா கூடைப்பந்துக் கழகத்தின் தலைவர். இரண்டு இடத்திலும் அவர் செய்வது ஒரே வேலை, விலை பேசுவது. பல் மருத்துவரிடம் பல்லுக்கு விலை பேசியிருக்கிறார். தேவாலயத்தில் மெழுகுவத்திக்கு விலை பேசியிருக்கிறார். மனைவி எலெங்கோ போனபோது கல்லறைக் கல் செதுக்குகிறவனிடம் இரண்டு தடவை வேண்டாமென்று திரும்பி நடந்து, அவனே ஓடி வந்து கையைப் பிடித்த பிறகுதான் வாங்கினார். எலெங்கோ இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள்.

"இன்னும் போணி ஆகலையே தலைவரே?" என்றான் பரஸ்கெவாஸ். ஆட்டக்காரர்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் தரகன் அவன். இரண்டு சந்து தள்ளி ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகன்.

"ஆகல. ஆலிவா, சீஸா?"

"அனெஸ்திஸ்."

"எவ்வளவு?"

"ஆறு லட்சம்."

ஸ்தெர்யோஸ் சிரித்தார். அனெஸ்திஸின் போன வருஷச் சம்பளம் ஒன்றரை லட்சம் யூரோ. கழகத்தின் மொத்தப் பையே இருபது லட்சம்தான். "காலங்காத்தால ஏத்திக்கிட்டு வந்திருக்கியாடா? ஆறு லட்சம்ங்கிறது நட்சத்திரத்துக்குக் குடுக்கிற விலை. இவன் நல்ல ஆட்டக்காரன். நல்லதுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல ஒரு கடலே கெடக்கு."

"அந்தக் கடலுக்கு அக்கரையிலதான் இஸ்தான்புல் இருக்கு. அவங்க அஞ்சு தர்றாங்க."

"பொய்."

"பாதிப் பொய். நாலரை." பரஸ்கெவாஸ் ஒரு ஆலிவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "ஆனா நான் மொதல்ல உங்ககிட்டதான் வந்தேன். இந்த சீசனுக்கு உங்க மொதல் யாவாரம் நான்தான். உங்கப்பா மொதல் யாவாரத்துல என்ன செய்வாருன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு."

சூது அதுதான். கபானியில் அன்றைய முதல் ஆளிடம் யாரும் இழுத்துப் பேச மாட்டார்கள். கொஞ்சம் நஷ்டப்பட்டாவது கொடுத்து அனுப்புவார்கள். ஸ்தெர்யோஸின் அப்பா அதற்கும் ஒரு படி மேலே போனவர். பருவத்தின் முதல் பேரத்தில், வாங்கினாலும் விற்றாலும், எதிராளி சொன்ன விலையை அப்படியே ஒப்புக்கொண்டு கை குலுக்குவார். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பிய வருஷம் பீப்பாய் பீப்பாயாக ஆலிவ் பூஞ்சை பிடித்துப்போனது என்று ஒரு கதையும் வைத்திருந்தார். ஸ்தெர்யோஸ் அந்த வழக்கத்தை ஒரு வருஷம்கூட மீறியதில்லை. இது சந்தைக்கே தெரியும். சந்தையில் வளர்ந்த தரகனுக்குத் தெரியாமலா போகும்?

தப்பிக்க வழி இருந்தது. கால் கிலோ ஆலிவைப் பொட்டலம் கட்டி அவன் கையில் திணித்து, காசை வாங்கிப் போட்டு, 'போணி முடிஞ்சுது, இப்ப பேசுவோம் வா' என்று உட்கார்ந்திருக்கலாம். அந்த வித்தையைச் சந்தைக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர். அன்று காலை அது நினைவுக்கு வரவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதைத் தானே நம்பவும் இல்லை.

அனெஸ்திஸ் கில்கிஸ் பக்கத்துப் புகையிலைக் கிராமம் ஒன்றிலிருந்து பதினேழு வயதில் வந்தவன். இப்போது அவனுக்கு மனைவி இருக்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது. எலெங்கோ போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம், ஆட்டம் இல்லாத நாளெல்லாம், அவன் ஸ்தெர்யோஸின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடுவான். யாரும் கூப்பிட்டதில்லை. பெரிதாகப் பேசவும் மாட்டான். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். ஸ்தெர்யோஸுக்கு அந்த ஒரு வேளைதான் வாரத்தில் ருசியான சாப்பாடு. இஸ்தான்புல் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மனக்கண்ணில் வந்தது வீட்டில் அவன் உட்காரும் எதிர் நாற்காலி, காலியாக.

கையை நீட்டினார். பரஸ்கெவாஸ் குலுக்கினான். குலுக்கியபின் அவன் முகத்தில் ஒரு திகைப்பு. நாலரை கிடைத்தால் போதும் என்று வந்தவன் அவன்.

பயிற்சியாளர் யோர்தானிஸ் செய்தியை மாலையில் கேட்டார். சிகரெட்டைப் பற்றவைக்காமலே உதட்டில் வைத்துக்கொண்டு திரிகிற கிழட்டுச் சிடுமூஞ்சி. ஆட்டக்கூடத்தின் மர இருக்கை வரிசையில் தலைவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடைசி நொடி. ஒரு புள்ளி பின்னாடி நிக்கிறோம். பந்த நான் யார்கிட்ட குடுப்பேன், தலைவரே?"

"டேவன்கிட்ட." டேவன் அமெரிக்கன். போன வருஷம் ஆட்டத்துக்கு இருபது புள்ளி எடுத்தவன்.

"அனெஸ்திஸ்கிட்ட இல்ல?"

"இல்ல."

"அவனே வாங்க மாட்டான். அவ்வளவு புத்திசாலி. சரி, இப்ப டேவன வச்சுக்கக் காசு இருக்கா?"

ஸ்தெர்யோஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு லட்சம்ங்கிறது அந்தக் கடைசிப் பந்துக்குக் குடுக்கிற கூலி. மீதி நேரத்துக்கெல்லாம் அனெஸ்திஸ் மாதிரி ஒருத்தன் இந்த நாட்டுலயே கெடையாது, ஒத்துக்கிறேன். அதுக்கும் ஒரு வெல இருக்கு. ரெண்டு, ரெண்டேகால். அவனே வாங்கிட்டு நன்றி சொல்லியிருப்பான்."

"அவன் போயிட்டா மத்தவன் அவனவன் தனித்தனியா ஆடுவான். டீமோட பசையே அவன்தான். பசைக்கு நீ எப்படி வெல போடுவ?"

"பசைக்குப் பசை வெல போடுவேன். நாற்காலி வெலயப் போட மாட்டேன்."

"ஜனங்க கேட்டாங்கய்யா. போன சீசன் கடைசி ஆட்டத்துல கூடம் முழுக்கக் கத்துச்சே, அவனுக்குக் குடு, குடுன்னு."

"கத்துனவன் எவனாவது பாக்கெட்டுல கைய விட்டானா?" யோர்தானிஸ் சிகரெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உதட்டில் வைத்தார். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க டீமுக்கு ஆள் எடுத்தீங்களா, உங்க வீட்டுக்கு எடுத்தீங்களா?"

ஸ்தெர்யோஸ் கோபித்துக்கொண்டார். உண்மை சொன்னவனிடம் கோபித்துக்கொள்வது மிகவும் சுலபம்.

அந்தக் கோடை முழுக்கப் பேட்டை மகிழ்ச்சியாக இருந்தது. கழகத்துக்கு எதிரே புகாட்சாப் பலகாரக் கடை வைத்திருக்கும் மாந்தோஸ், அரங்கில் பறை அடிக்கிற கூட்டத்துக்குத் தலைவன், அனெஸ்திஸின் படத்தைச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டினான். அனெஸ்திஸ் போனால் தட்டில் பாலாடை நிறைத்த புகாட்சா வரும், காசு வாங்க மாட்டான். "நம்ம பையன்டா. நம்மளே தூக்கி விடலேன்னா வேற யாரு தூக்குவா?" என்று எல்லோரிடமும் சொன்னான். ஸ்தெர்யோஸ் தெருவில் நடந்தால் பெண்கள் ஜன்னலிலிருந்து கையாட்டினார்கள். விலை பேசாமல் வாங்குவதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறதா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

டேவன் போனான். அவன் இடத்துக்கு இரண்டு மலிவுச் சரக்கு வந்தது. ஒருவனுக்கு இடது கை வராது. இன்னொருவனுக்கு இரண்டுமே சுமார்.

அனெஸ்திஸ் என்ன செய்வான் என்பதைக் கூடைப்பந்து தெரியாதவருக்குச் சொல்வது கஷ்டம், தெரிந்தவருக்குச் சொல்வது இன்னும் கஷ்டம். அவன் கூடையில் பந்தைப் போட்டதற்காக யாரும் எழுந்து நின்றதில்லை. தன் ஆள் ஓடிவரும் வழியில், துரத்தி வருகிறவனுக்குக் குறுக்கே கம்பம்போல் போய் நிற்பான். துரத்துகிறவன் அவன் நெஞ்சில் மோதிக்கொள்வான். தன் ஆள் தனியாக நின்று கூடையில் போடுவான். கைதட்டல் போட்டவனுக்கு. நெஞ்சு வலி இவனுக்கு. ஒரு ஆட்டத்தில் இப்படி எத்தனையோ தடவை. அதோடு பத்துப் புள்ளி. அவ்வளவுதான் அவன், எப்போதும் அவ்வளவுதான். ஒன்றரை லட்சத்துக்கு அதைப் பார்த்த ஜனங்கள், "கிடைச்ச காசுக்கு எப்படி ஒழைக்கிறான் பாரு" என்றார்கள்.

இலையுதிர் காலத்தில் அதே ஆள் அதே பத்துப் புள்ளியோடு அதே நெஞ்சைக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் போட வேண்டிய ஆள் போடவில்லை. விக்லா தோற்றது, மறுபடி தோற்றது. முதலில் முணுமுணுப்பு. பிறகு மாந்தோஸின் கடையில் பேப்பர் நாப்கினில் கணக்கு.

"ஆறு லட்சத்த அவன் போட்ட கூடையால வகுத்துப் பாத்தேன்," என்றான் மாந்தோஸ், ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்து இறக்கிய ஸ்தெர்யோஸிடம். "கூடைக்கு ஒரு பழைய கார் வருது தலைவரே. ஓடுற கார்."

"அவன் கூடை போடுற ஆளாடா? நீ பத்து வருஷமா பாக்குறியே."

"அப்ப ஒன்றரை லட்சத்துக்குப் பாத்தேன். இப்ப ஆறு லட்சத்துக்குப் பாக்குறேன். வேற மாதிரிதான் தெரியுது."

ஸ்தெர்யோஸ் காலி டின்னை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சரக்கு அதே சரக்கு, சீட்டை மாற்றி ஒட்டினால் நாக்கு வேறு ருசி சொல்லும் என்பதை வைத்துத்தான் அவர் பிழைப்பே நடத்துகிறார். சாதாரண ஃபெட்டாவுக்கு மலைக்கிராமத்துப் பெயர் வைத்துப் பணக்கார வீட்டம்மாக்களிடம் விற்றிருக்கிறார். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'ஆகா' என்றிருக்கிறார்கள். ஆனால் விலை ஒரு எல்லையைத் தாண்டினால் அதே வீட்டம்மா கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், முகர்வாள், ஓட்டை தேடுவாள். அந்த எல்லை எங்கே என்று அவருக்கு எப்போதும் விரல்நுனியில் தெரியும். இந்த ஒரு தடவைதான் விரலை நம்பவில்லை.

அதைவிட மோசமானது பிறகு நடந்தது. அனெஸ்திஸ் தன் விலைக்கு ஆட ஆரம்பித்தான்.

தூரத்திலிருந்து எறிந்தான். மூன்று பேர் மறித்து நிற்கும்போது எறிந்தான். பந்துக்காகக் கை நீட்டினான், இதுவரை நீட்டாத கை. குறுக்கே போய் நிற்பதை மறந்தான். நின்றாலும் கண் கூடைமேலேயே இருந்தது. யோர்தானிஸ் ஆட்டத்தை நிறுத்தி அவனைக் கூப்பிட்டார்.

"என்னடா பண்ற?"

"போடணும் கோச்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் வந்தான். சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் அவன் மனைவி ஸ்மாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். அவன் தட்டுக் கழுவப் போனதும் ஸ்தெர்யோஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"மாமா, அவரு கடைக்குப் போறதில்ல. ரொட்டி வாங்க நான்தான் போறேன். ரொட்டிக்காரி மீதிச் சில்லறையக் குடுக்கும்போது, 'ஒங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்'ங்கிறா. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றா."

குளிர்காலத்தில் ஆதென்ஸிலிருந்து பெரிய அணி ஒன்று வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. அதிசயமாக விக்லா கடைசிவரை தாக்குப்பிடித்தது. ஒரு புள்ளி பின்னடைவு, கொஞ்ச நொடிகள் பாக்கி. யோர்தானிஸ் எல்லோரையும் கூப்பிட்டு, பந்தை இடது கை வராத பையனிடம் கொடுக்கச் சொன்னார். அனெஸ்திஸ் குறுக்கே நிற்க வேண்டும், பையன் அந்தப் பக்கமாகப் போய் எறிய வேண்டும்.

"எங்கிட்ட குடுங்க," என்றான் அனெஸ்திஸ்.

யோர்தானிஸ் அவனைப் பார்த்தார். பிறகு திரும்பி வரிசையில் உட்கார்ந்திருந்த தலைவரைப் பார்த்தார். ஸ்தெர்யோஸ் தன் ஷூவைப் பார்த்தார்.

பந்து அனெஸ்திஸிடம் வந்தது. அவன் எறிந்தான். வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி அவன் காலடியிலேயே வந்து விழுந்தது.

முதலில் விசில். இந்த ஊரில் விசில் என்பது பாராட்டல்ல. பிறகு சில்லறை வந்து விழுந்தது. கோபம் வந்தால் கூடத்தில் காசு எறிவார்கள். வழக்கமாக நடுவர் மேல், எதிரணி மேல். தங்கள் பையன் மேலேயே எறிந்தது அன்றைக்குத்தான். "இந்தா, இதையும் வச்சுக்க" என்று எவனோ கத்தினான். மர வரிசை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. இந்தா, இதையும் வச்சுக்க. மாந்தோஸின் பறை அதற்குத் தாளம் போட்டது.

காசுகள் வழவழப்பான மரத்தரையில் உருண்டன. இளம் பையன்கள் தோல்வியில் தலை குனிந்து அதன் மேலேயே நடந்து வந்தார்கள். அனெஸ்திஸ் குனிந்தான். ஒவ்வொரு காசாகப் பொறுக்க ஆரம்பித்தான். யாராவது வழுக்கி விழுந்தால் கால் போய்விடும், அவனுக்கு அது மட்டும்தான் தோன்றியது. ஸ்தெர்யோஸுக்கு அவனைத் தெரியும் என்பதால் அது தெரிந்தது. கூட்டத்துக்குத் தெரியவில்லை. கூடம் முழுக்க வெடித்தது சிரிப்பு.

"பொறுக்குறான்டா. இதையும் விட மாட்டேங்குறான்."

அனெஸ்திஸ் கை நிறையக் காசோடு நிமிர்ந்தான். அதைக் கணக்கு எழுதுகிறவர்கள் மேசையில் கொண்டுபோய் வைத்தான். உதிர்ந்த ஒன்றைத் திரும்பிப் போய் எடுத்து வந்து அதன்மேல் வைத்தான். பிறகு உள்ளே போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காரவில்லை. கோட்டுகூடக் கழற்றாமல் நின்றான்.

"தலைவரே, என் வெலயக் கொறைச்சிருங்க."

"என்ன?"

"பழைய சம்பளம் போதும். மிச்சத்த வச்சு டேவன் மாதிரி ஒருத்தனக் கூட்டியாங்க. நான் பழையபடி நிக்கிறேன். பரஸ்கெவாஸ் கத்துவான், கத்தட்டும். ஸ்மாரோ சரின்னுட்டா."

ஸ்தெர்யோஸ் கையிலிருந்த கரண்டியை வைத்தார். வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகக் கேட்டு, கெஞ்சி, முறைத்து, நடந்துபோவதுபோல் நடித்து வாங்கிய வார்த்தை அது. யாரும் தானாக வந்து கொடுத்ததில்லை.

"முடியாதுடா," என்றார்.

"ஏன்?"

"நான் யாவாரி. கேளு. காலைல பெரிய வெல எழுதி வச்ச சரக்க மத்தியானம் பாதிக்கு எழுதினா, சனங்க மலிவாயிடுச்சுன்னு வாங்குவாங்கன்னு நெனைக்கிறியா? அழுகிடுச்சும்பாங்க. நீ ஒன்றரைக்கு எறங்கினா, 'பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான், திருடின காசத் திருப்பிக் குடுத்துட்டான்'ம்பாங்க. இந்த ஊருக்கு ஒன் வெல தெரிஞ்சு போச்சு. அத மறக்க வைக்கிற தெறமை எங்கிட்ட இல்ல."

அனெஸ்திஸ் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "அப்ப என் வெல தெரியாத ஊருக்கு அனுப்பிருங்க," என்றான்.

சொன்ன வார்த்தை அவனுக்கே புதிதாக இருந்தது போல் தெரிந்தது. ஸ்தெர்யோஸ் அவன் முகத்தைப் பார்த்தார். இதைக் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் ஆறு லட்சம் கொடுத்தார். அவ்வளவு கொடுத்து, கடைசியில் இதைத்தான் வாங்கியிருக்கிறார்.

மறுநாள் கடையின் பின்பக்கம், சீஸ் வைக்கும் குளிர் அறையின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இத்தாலிக்கு போன் போட்டார். தெற்கே துறைமுக ஊர் ஒன்றில் சின்னக் கழகம். அதன் தலைவர் ருஜ்ஜேரோ தக்காளி டின்னில் அடைத்து விற்கிறவர். சரக்கு விஷயமாக இருவருக்கும் பழைய பழக்கம்.

"அனெஸ்திஸா? பாத்திருக்கேன்," என்றார் ருஜ்ஜேரோ. "எங்க பசங்களுக்கு அந்த மாதிரி ஒருத்தன்தான் வேணும். வருஷத்துக்கு மூணு லட்சம் சம்பளம் போட்டுக் குடுக்கலாமா?"

"ஜாஸ்தி," என்றார் ஸ்தெர்யோஸ்.

"யாரு ஜாஸ்திங்கிறது? நீங்கதான விக்கிறீங்க?"

"நான்தான். மூணு ஜாஸ்தி. ஒன்றரை குடுங்க."

"ஓகோ. முட்டி போயிடுச்சா?"

"முட்டி நல்லாருக்கு."

"முதுகு?"

"கழுதை மாதிரி இருக்கான்யா. ஒங்க டாக்டர வச்சுப் பாருங்க."

"அப்ப குடியா? சூதாட்டமா? ஸ்தெர்யோஸ், நாம ரெண்டு பேரும் தாடி நரைச்சவங்க. வெலயக் கொறைக்கிற யாவாரிய நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். பயமா இருக்குய்யா. வேணாம் போங்க."

ஸ்தெர்யோஸ் கண்ணை மூடிக்கொண்டார். எதிராளி நடந்துபோவதுபோல் நடிக்கிறானா, நிஜமாகவே போகிறானா என்று அவருக்கு எப்போதும் தெரியும். ருஜ்ஜேரோ நிஜமாகவே போய்க்கொண்டிருந்தார்.

"இருங்க. கேளுங்க. ஆள் நல்லவன், பொண்டாட்டி, கைக்கொழந்த இருக்கு. கெட்டுப்போனது அவன் வெல மட்டும்தான். நான் போட்ட வெல. மூணு குடுத்தீங்கன்னா ஒங்க ஊர்லயும் ஒரு புகாட்சாக்காரன் இருப்பான், நாப்கின்ல வகுத்துப் பாப்பான். ஒன்றரைக்கு எடுங்க. பேப்பர்ல போடாதீங்க. நட்சத்திரம்னு எவனாவது எழுதினா அவன் வாயக் கட்டுங்க. சும்மா, கிரேக்கத்துலேந்து ஒருத்தன் வந்திருக்கான்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

டின்கள் உருளும் சத்தம் அங்கே கேட்டது.

"ஒன்னேமுக்கால்," என்றார் ருஜ்ஜேரோ மெல்ல. "மனசு கேக்க மாட்டேங்குது."

"ஒன்றரை."

"ஒன்னு அறுபது. கொழந்த இருக்குன்னீங்களே."

ஸ்தெர்யோஸ் தன் வாழ்க்கையின் மிகக் கடினமான பேரத்தில் பத்தாயிரம் தோற்றார். போனை வைத்தபின் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சற்று நேரம் நின்றார். வேலைக்காரர்கள் சரக்கு பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அனெஸ்திஸ் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவரே போனார். குழந்தையின் தொட்டில் காரின் கூரையில் கட்டியிருந்தது.

"எவ்வளவுக்குப் போறேன்?" என்று கேட்டான் அனெஸ்திஸ்.

சொன்னார்.

அனெஸ்திஸ் சிரித்தான். அந்த வருஷத்தில் அவன் சிரித்து ஸ்தெர்யோஸ் பார்த்தது அப்போதுதான். தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தவன்போல், வாய்விட்டு. "அப்பாடா," என்றான். "அப்ப பத்துப் புள்ளி எடுத்தா போதும்."

ஸ்தெர்யோஸும் சிரிக்க முயன்றார். தன்னை விட்டுப் போவதற்கு ஒருவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததில்லை. எலெங்கோகூட அழுதுகொண்டேதான் போனாள். கயிற்று முடிச்சு சரியாக இருக்கிறதா என்று தொட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தார். ஸ்மாரோ இறங்கி வந்து அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். கார் தெருமுனையில் திரும்பிப் போனது.

விலையை மறைக்க முடியவில்லை. தரகு குறைந்த ஆத்திரத்தில் பரஸ்கெவாஸ் நாலு பேரிடம் சொன்னான். வாரம் முடிவதற்குள் பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. மாந்தோஸ் மாவுக் கையோடு சந்தைக்கே வந்து கடைமுன் நின்றான்.

"இவ்வளவு மலிவாவா வித்தீங்க? நம்ம பையனையா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நீதானடா கார் கணக்கு போட்ட?" என்றார் ஸ்தெர்யோஸ்.

"கோவத்துல ஆயிரம் சொல்லுவோம். வீட்டுக்குள்ள திட்டிக்குவோம். அதுக்காகப் பொறந்த பிள்ளைய அடிமாட்டு வெலைக்குத் தள்ளி விடுவாங்களா? நீங்கள்லாம் ஒரு யாவாரியா?"

கபானியில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எதிர்க்கடை மீன்காரன் வாய்க்குள் சிரித்தான். அன்று மாலைக்குள் அது சந்தையில் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. எவனாவது விலையில் இறங்கிவந்தால், 'என்ன, ஸ்தெர்யோஸ்கிட்ட தொழில் கத்துக்கிட்டியா' என்றார்கள்.

மிச்சப்பட்ட காசில் வந்த புது அமெரிக்கன் கெட்டிக்காரனாக இருந்தான். சொந்தக் கூடத்தில் முதல் ஆட்டத்திலேயே கூடைகளை அள்ளிப் போட்டான். விக்லா வெகுகாலத்துக்குப் பிறகு ஜெயித்துக்கொண்டிருந்தது. இடைவேளையில் வரிசைகளிலிருந்து ஒரு கோஷம் கிளம்பியது. ஸ்தெர்யோஸ் புது ஆளின் பெயர் என்று நினைத்தார். இல்லை.

அனெஸ்திஸ், அனெஸ்திஸ் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தலைவரின் நாற்காலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, விரலை நீட்டி நீட்டி. பறை தாளம் தப்பாமல் விழுந்தது. சிலர் நிஜமாகவே கண் கலங்கியிருந்தார்கள்.

யோர்தானிஸ் அவர் காதருகே குனிந்தார். "பேப்பர்காரன் வெளியில நிக்கிறான். சொல்லிருங்க தலைவரே, அவனேதான் கேட்டான்னு. வாய மூடிக்குவானுங்க."

"சொன்னா நாளைக்கு 'ஓடிப்போனவன்'ம்பாங்க. எப்பவாவது இங்க ஆட வந்தா அதுக்கும் விசில் அடிப்பாங்க."

"அதுக்காக நீங்க கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா?"

"இப்ப பிரியமாத்தானேய்யா கத்துறாங்க," என்றார் ஸ்தெர்யோஸ். "கத்தட்டும். கெடுக்காத."

யோர்தானிஸ் போய்விட்டார். ஸ்தெர்யோஸ் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஆட்டம் மறுபடி தொடங்கி, புது அமெரிக்கனுக்குப் பந்து போனது. துரத்தி வந்தவனுக்குக் குறுக்கே போய் நிற்க யாரும் இல்லை. அதைக் கூடத்தில் கவனித்தவர் அவர் ஒருவர்தான். மேலே கோஷம் நின்றபாடில்லை.